வாங்குபவரே உஷார்! பழுதான வண்டியும் நம் சட்டமும்

கல்மண்டபத்தில் நின்று பார்த்தால் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும்தான் கண்ணில் படும். அப்படியே வடக்கே போனால் எண்ணூர். 1948ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அங்கேதான் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955ல் அதுவே அசோக் லேலண்ட் ஆனது. வண்டி செய்வதில் இத்தனை பழைய ஊர் இது. ஆனால் வாங்கிய புது வண்டி பழுதாக இருந்தால் என்ன செய்வது? இதற்குச் சட்டம் சரியான பதில் சொல்ல ரொம்ப காலம் ஆனது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

பி.காம். படிப்பவர்களுக்கு 1930ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் பழக்கமானது. 'வாங்குபவரே எச்சரிக்கை' என்பதுதான் அதன் அடிப்படை. 16வது பிரிவில் சில விதிவிலக்குகள் உண்டு. பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆனால் அந்த உரிமையைக் கேட்டு வாங்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கோர்ட் கட்டணம், வக்கீல் ஃபீஸ், வருடக்கணக்கில் வாய்தா... எத்தனை பேரால் முடியும்?

போதாக்குறைக்கு அப்போது சந்தையில் இருந்தவை முக்கியமாக மூன்றே கார்கள்: அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர், வண்டி கைக்கு வந்ததே பெரிது என்றுதான் நினைத்தார்.

திருப்பம் 1986ல் வந்தது. அந்த வருடம் டிசம்பர் 24ல் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று அடுக்கு மன்றங்களை அமைத்தது. குறையை நீக்கு, பொருளை மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்டஈடு கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் அவற்றுக்குக் கிடைத்தது. வக்கீல் இல்லாமலேயே வாதாடலாம்.

ஆனால் ஒரு சிக்கல். வியாபார நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்றது சட்டம். அப்படியானால் கடன் வாங்கி லாரியோ ஆட்டோவோ எடுத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவர் கதி? வடசென்னையில் இது எத்தனையோ குடும்பங்களின் சோற்றுப் பிரச்சினை. 1993ல் வந்த திருத்தம், சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியிருந்தால் அது வியாபார நோக்கம் ஆகாது என்று விளக்கியது. 1995ல் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டுவதற்காக ஆட்டோ வாங்கியவரும் லாரி வாங்கியவரும் நுகர்வோரே என்று உதாரணம் காட்டியது.

எல்லாத் தீர்ப்பும் வாங்கியவர் பக்கமே சாயவில்லை. 2006ல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்லியிருக்கிறது, அதற்காக முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆக, முழு வண்டியும் வேண்டுமானால் அது தயாரிப்பிலேயே வந்த கோளாறு என்று காட்ட வேண்டும். அதற்கு நிபுணர் அறிக்கை தேவைப்படும். சாமானியருக்கு இது சுலபமா?

அமெரிக்காவில் 1982லேயே கனெக்டிகட் மாநிலம் இதற்கென்று 'லெமன் சட்டம்' கொண்டுவந்தது. குறிப்பிட்ட தடவை ரிப்பேர் செய்தும் சரியாகவில்லை என்றால் மாற்று வண்டி அல்லது பணம். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019), குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கியது. குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கவும் வழி செய்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது.

புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு. எனவே வண்டியை சர்வீஸுக்கு விடும் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் குறையை எழுதச் சொல்லி வாங்கி, பத்திரமாக வைப்பது நல்லது. நாளைக்கு மன்றத்தில் பேசப் போவது அந்தக் காகிதம்தான்!