கொரியப் போர்நிறுத்தமும் கிருஷ்ண மேனனின் வரைவும்

கொரியப் போர் நின்றதற்கு வரலாற்றாசிரியர்கள் வழக்கமாக இரண்டு காரணங்களைச் சொல்வார்கள்: 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தது, அமெரிக்க அதிபர் ஐசனோவரின் அணுகுண்டு மிரட்டல். முதலாவது மறுக்க முடியாதது. இரண்டாவதற்கு அளவுக்கு மீறிய இடம் தரப்படுகிறது. விட்டுக்கொடுக்கும் மனம் வந்த பிறகும், முகம் கெடாமல் விட்டுக்கொடுக்க ஒரு வழி வேண்டும். அந்த வழி ஸ்டாலின் இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதில் தீர்க்காமல் விடப்பட்டவை பிறகு களத்தில் நின்றவர்கள் தலையில் விழுந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1951 ஜூலையில் தொடங்கிய பேச்சு, எல்லைக்கோட்டுச் சிக்கலைத் தாண்டிப் போர்க்கைதிகள் விவகாரத்தில் முட்டி நின்றது. சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 118ஆம் பிரிவு. சீனாவும் வடகொரியாவும் அதைப் பிடித்துக்கொண்டன. விரும்பாதவரை அனுப்பமாட்டோம் என்றது அமெரிக்கா.

ஐ.நா. பொதுச்சபையில் இந்தியப் பிரதிநிதி கிருஷ்ண மேனன் கொண்டுவந்த வரைவு 1952 டிசம்பர் 3 அன்று 54க்கு 5 என்ற வாக்கில் நிறைவேறியது. திருப்பி அனுப்பவும் சரி, திரும்பவிடாமல் தடுக்கவும் சரி, பலவந்தம் கூடாது. கைதிகள் நடுநிலை ஆணையத்தின் பொறுப்பில் இருப்பார்கள். இதைத் தன் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று வாஷிங்டன் சொல்லிக்கொள்ளலாம். கைதிகளை எதிரியின் பிடியிலிருந்து மீட்டோம் என்று பீஜிங்கும் சொல்லிக்கொள்ளலாம். அப்போது சோவியத் வெளியுறவு அமைச்சர் விஷின்ஸ்கி இதைக் கடுமையாகச் சாடினார், சீனாவும் நிராகரித்தது. ஆனால் 1953 மார்ச் 30இல் சீனப் பிரதமர் சூ என்லாய் வெளியிட்ட அறிக்கையும் கைதிகள் பற்றிய ஜூன் 8 உடன்பாடும் ஏறக்குறைய இந்தச் சட்டகத்துக்குள்தான் வந்து நின்றன.

விரும்பாதவர் யார் என்று எப்படி அறிவது? அந்தக் கேள்வியை வரைவு கெட்டிக்காரத்தனமாக ஒத்திப்போட்டது. பதில் சொல்ல வேண்டியவர் நடுநிலை ஆணையத்தின் தலைவரான இந்திய ஜெனரல் திம்மையா. கைதிகளைக் காவல்காக்க வரும் இந்தியச் சிப்பாய்கள் தன் மண்ணை மிதிக்கக் கூடாது என்றார் தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ. எனவே கப்பலில் வந்தவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிப் படைவிலக்குப் பகுதியில் இறக்க வேண்டியதாயிற்று. அங்கே அவர்கள் பொறுப்பில் நாடு திரும்ப மறுத்த சுமார் 22,600 கைதிகள். முகாம்களுக்குள் நாட்டாண்மை செய்தவர்களோ தைவான், தென்கொரிய ஆதரவுத் தலைவர்கள். ஒருமுறை கைதிகள் ஓர் இந்திய மேஜரைப் பிடித்துவைத்தார்கள். காவற்படைத் தளபதி தோரட் நேரில் உள்ளே போய், வந்தவனுக்கு ஒரு தேநீர்கூடக் கிடையாதா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. மேஜர் மீண்டார். துப்பாக்கி வெடித்திருந்தால் பலவந்தம் கூடாது என்ற மேனனின் விதி அன்றே செத்திருக்கும்.

திரும்பி வருமாறு சொந்த நாட்டு அதிகாரிகள் தரும் விளக்கத்தைக் கேட்க வந்த கைதிகள் 3,000 சொச்சம்தான். மற்றவர்களை இழுத்துவர வேண்டும் என்றனர் ஆணையத்தின் போலந்து, செக்கோஸ்லோவாகியப் பிரதிநிதிகள். கூடவே கூடாது என்றனர் சுவிஸ், சுவீடன் பிரதிநிதிகள். 1954 ஜனவரி 20இல் திம்மையா கைதிகளை முன்பு பிடித்துவைத்திருந்த தரப்பிடமே திருப்பி ஒப்படைத்தார்; அவர்களைப் போர்க்கைதி நிலை நீங்கிய சிவிலியன்கள் என்று அறிவிக்க மட்டும் மறுத்தார். இதைக் கோழைத்தனம் என்போர் உண்டு. ஆனால் கேட்காதவரின் விருப்பத்தைத் தானே எழுதிக்கொள்ள ஆணையத்துக்கு ஏது அதிகாரம்? எந்தப் பக்கமும் போக மறுத்த 80க்கும் மேற்பட்டோரைக் காவற்படை இந்தியாவுக்கு அழைத்துவந்தது. அவர்களில் பலரை ஏற்க ஒரு நாடு கிடைக்க 1956 ஆயிற்று, அது பிரேசில்.