காட்சி, வெட்டு, கணக்கு: காட்சிமாற்றம் கண்டறியும் மென்பொருளின் புதுப்பிப்புகளும் தமிழ்த் திரைப்பட வரலாற்றெழுதியலும்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படங்களின் படத்தொகுப்பு வேகத்தைக் கணினிவழி அளந்து, அதன் அடிப்படையில் வரலாற்று முடிவுகளை எட்டும் போக்கு ஆய்வுலகில் வளர்ந்துவருகின்றது. இதற்குப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்களுள் பைசீன்டிடெக்ட் குறிப்பிடத்தக்கது. இக்கருவியின் பதிப்புகளில் நேர்ந்த மாற்றங்களையும் அதன் கணக்கிடும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணப் படத்தையும் இக்கருவியின் இயல்புநிலை அமைப்பில் ஒப்பிட்டால், பழைய படங்கள் உண்மையைக் காட்டிலும் மெதுவானவையாகத் தோற்றமளிக்கும் என்பதைக் கணக்கின்வழி நிறுவுவது இதன் நோக்கம். மதுரையின் நாடக, விழா, திரையரங்கு மரபுகளிலிருந்து சான்றுகள் எடுத்தாளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: காட்சி, களம், வெட்டு, பைசீன்டிடெக்ட், கறுப்பு வெள்ளை, மதுரை, திரைப்பட வரலாறு

முன்னுரை

1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் கதை இரங்கூனில் தொடங்கி மதுரையைச் சுற்றி நிகழ்கின்றது. அப்படம் மதுரையின் தங்கம் திரையரங்கில் திரையிடப்பட்டது. 2007இல் ‘பருத்திவீர’னும் 2008இல் ‘சுப்பிரமணியபுர’மும் மதுரை வட்டாரத்தைக் களமாகக் கொண்டு வெளிவந்தன. ‘பருத்திவீரன்’ படத்தொகுப்புக்காக ராஜா முகமது தேசிய விருது பெற்றார். இவ்விரு காலத்துப் படங்களையும் ஒப்பிட்டு, ‘அரை நூற்றாண்டில் தமிழ்ப் படத்தொகுப்பின் வேகம் இத்தனை மடங்கு கூடியது’ என்று எண்ணால் நிறுவ விழைவது ஆய்வாளருக்கு இயல்பு. ஒரு கணினியும் ஒரு மென்பொருளும் இருந்தால் ஒரு பிற்பகலில் அந்த எண் கிடைத்துவிடும். அந்த எண் எதை அளக்கின்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

திரைப்பட நடையை எண்ணால் அளக்கும் முறை புதிதன்று. பாரி சால்ட் 1974இல் ஷாட்டின் சராசரி நீளத்தை நடையாய்வின் அளவையாக முன்வைத்தார். 2005இல் யூரி சிவியான் தொடங்கிய சினிமெட்ரிக்ஸ் திட்டத்தில், படம் ஓடும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் பார்வையாளர் விசையை அழுத்திக் கணக்கெடுத்தனர். அங்கே பிழை மனிதக் கண்ணையும் விரலையும் சார்ந்திருந்தது. இன்று அப்பணி மென்பொருளிடம் சென்றுள்ளது; பிழையும் மென்பொருளின் உள்ளே இடம்பெயர்ந்துள்ளது.

களம், காட்சி, வெட்டு

முதற்சிக்கல் சொல்லில் உள்ளது. ‘சீன்’ என்னும் சொல்லைத் தமிழாய்வு ‘காட்சி’ எனப் பெயர்த்துக்கொள்கின்றது. ஆனால் இக்கருவி கண்டறிவது இரு ஷாட்டுகளுக்கு இடைப்பட்ட எல்லையை மட்டுமே. இருவர் ஓர் அறையில் அமர்ந்து உரையாடும் ஒரே காட்சியில் நாற்பது வெட்டுகள் இருக்கலாம். கருவி அவற்றை ஏறத்தாழ நாற்பது ‘சீன்’களாகவே பட்டியலிடும்.

தமிழ் மரபில் இப்பிரிப்பு இடத்தைச் சார்ந்தே அமைந்துள்ளது. 1891இல் வெளியான சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ ஐந்து அங்கங்களாகவும் இருபது களங்களாகவும் பகுக்கப்பட்டது. களம் என்பது நிகழிடம். இடம் மாறினால் களம் மாறும். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்த சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்து மேடையிலும் இதே முறை நிலவியது. அரண்மனை, தெரு, காடு எனத் தீட்டப்பட்ட திரைகள் ஏறி இறங்குவதே காட்சிமாற்றத்தின் அடையாளம். அத்திரைகளையே ‘சீன்’ என்று வழங்கும் பழக்கமும் நாடகக்காரர்களிடையே உண்டு.

நாடக மேடைக்கு வெளியிலும் இவ்வுணர்வைக் காணலாம். வைகையின் தென்கரையில் அமைந்த ஆரப்பாளையத்தின் புட்டுத்தோப்பில், ஆவணி மூலத் திருவிழாவின்போது பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுகின்றது. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலிலிருந்து புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்கின்றனர். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் இவ்விழாவுக்கு வந்துசேர்கின்றனர். தெய்வம் இடம்பெயர, மக்களும் உடன்பெயர, கதையின் அடுத்த களம் திறக்கின்றது. நகரமே மேடையாகும் இந்நிகழ்வில் காட்சிமாற்றம் என்பது நடந்து கடக்கும் தொலைவு.

ஆகவே, மென்பொருள் தரும் எண்ணிக்கையைக் ‘காட்சிகளின் எண்ணிக்கை’ என்று எழுதுவது தமிழ் மரபின் பொருளில் பிழையாகும். ‘வெட்டுகளின் எண்ணிக்கை’ என்றோ ‘ஷாட்டுகளின் எண்ணிக்கை’ என்றோ குறிப்பதே தகும். இக்கட்டுரை அவ்வழக்கையே பின்பற்றுகின்றது.

கருவியின் வளர்ச்சி

ஷாட் எல்லையைக் கணினியால் கண்டறியும் முயற்சிகளுள் 1993இல் சிங்கப்பூரிலிருந்து ஹாங்ஜியாங் சாங், ஆத்ரேயி கன்கன்ஹள்ளி, ஸ்டீபன் ஸ்மோலியர் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை முன்னோடியானது. நேர்வெட்டுக்கு உயர்ந்த வரம்பு ஒன்றையும், படிப்படியாக நிகழும் மாற்றத்துக்குத் தாழ்ந்த வரம்பு ஒன்றையும் பயன்படுத்தும் இரட்டை ஒப்பீட்டு முறையை அவர்கள் முன்வைத்தனர். பின்னர் 2001 முதல் 2007 வரை அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் நடத்திய டிரெக்விட் மதிப்பீடுகளில் இது தனிப் பணியாக இடம்பெற்றது.

பிராண்டன் காஸ்டெல்லானோ 2014இல் தொடங்கிய பைசீன்டிடெக்ட், பைத்தான் மொழியில் ஓப்பன்சிவி நூலகத்தைச் சார்ந்து எழுதப்பட்டது. பி.எஸ்.டி. உரிமத்தின்கீழ் எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் இயலும் என்பதால், நிதிவளம் குன்றிய பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இது எட்டக்கூடியதாயிற்று.

இக்கருவியில் பல கண்டறி முறைகள் உள்ளன. படம் இருளில் மறைந்து மீள்வதை ஒளிவரம்பால் அறிவது ஒன்று. அடுத்தடுத்த சட்டகங்களின் வண்ண, ஒளி வேறுபாட்டால் நேர்வெட்டை அறிவது இரண்டாவது. காமிரா விரைந்து நகரும்போது வெட்டெனப் பிழைபடாதிருக்க, அண்டைச் சட்டகங்களின் சராசரியோடு ஒப்பிட்டு அறியும் தகவமைப்பு முறை மூன்றாவது. 2022இல் வெளியான 0.6 பதிப்பு, வண்ணச்சாயல், நிறச்செறிவு, ஒளிர்வு, விளிம்பு ஆகிய கூறுகளுக்குத் தனித்தனி எடை வழங்கும் வசதியைத் தந்தது. 2024 ஜூனில் வந்த 0.6.4 பதிப்பு, ஒளிர்வுப் பரவலை ஒப்பிடும் முறையையும் சட்டகத்தின் சுருக்கக் குறியீட்டை ஒப்பிடும் முறையையும் சேர்த்ததோடு, மின்னல் ஒளியால் எழும் போலி வெட்டுகளைக் கையாளும் வடிப்பானையும் கொண்டுவந்தது.

இயல்புநிலை வரம்பும் மாறியது. 0.5 வரிசையின் தொடக்கப் பதிப்புகளில் 30 ஆக இருந்த நேர்வெட்டு வரம்பு 0.6 வரிசையில் 27 ஆகக் குறைந்தது. ஒரே படத்தை ஒரே கணினியில் இரு பதிப்புகளால் அளந்தால் இரு வேறு எண்கள் கிடைப்பதற்கு இம்மாற்றம் ஒன்றே போதும்.

கறுப்பு வெள்ளையும் 27 என்னும் எண்ணும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றுக்கு மிக முக்கியமான சிக்கல் இவ்வரம்பு கணக்கிடப்படும் முறையில் உள்ளது. நேர்வெட்டு முறையில் கருவி அடுத்தடுத்த இரு சட்டகங்களை எடுத்து, வண்ணச்சாயல், நிறச்செறிவு, ஒளிர்வு ஆகிய மூன்றின் சராசரி வேறுபாடுகளையும் கூட்டி மூன்றால் வகுக்கின்றது. ஈவு 27ஐ எட்டினால் அங்கே வெட்டு எனப் பதிகின்றது. இயல்புநிலையில் மூன்றுக்கும் சம எடை. விளிம்புக்கு எடை இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். வண்ணப்படம் ஒன்றின் வெட்டில் ஒளிர்வு வேறுபாடு 60, நிறச்செறிவு வேறுபாடு 30, வண்ணச்சாயல் வேறுபாடு 15 எனக் கொண்டால் கூட்டுத்தொகை 105, ஈவு 35. வெட்டு பதிவாகும். அதே ஒளிர்வு வேறுபாடு கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்ணச்சாயலும் நிறச்செறிவும் சுழி. ஆகவே கூட்டுத்தொகை 60, ஈவு 20. வெட்டு பதிவாகாது. கறுப்பு வெள்ளைப் படம் 27ஐ எட்ட வேண்டுமெனில் ஒளிர்வு மட்டுமே 81 அளவுக்கு மாறவேண்டும். அத்தகைய மாற்றம் பகலிலிருந்து இரவுக்குத் தாவும் வெட்டுகளில் நிகழலாம். ஒரே விளக்கமைப்பில் ஒரு முகத்திலிருந்து எதிர்முகத்துக்குச் செல்லும் வெட்டுகளில் அரிது. உரையாடலையே உயிர்நாடியாகக் கொண்ட ‘பராசக்தி’ போன்ற படத்தில் பின்னவையே மிகுதி என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையருள் பஞ்சுவே, பஞ்சாபி என்னும் பெயரில் தொகுத்த படம் அது.

தகவமைப்பு முறை இச்சிக்கலை ஓரளவே தீர்க்கின்றது. அது அண்டைச் சட்டகங்களோடு கொண்ட விகிதத்தைப் பார்ப்பதால் மூன்றால் வகுப்பதன் விளைவு விகிதத்தில் நீங்கிவிடும். எனினும் குறைந்தபட்ச மதிப்பு 15 என்னும் இரண்டாம் நிபந்தனை அதற்குண்டு. கறுப்பு வெள்ளையில் அதற்கும் 45 அளவு ஒளிர்வு மாற்றம் தேவைப்படும்.

முழுநீள வண்ணப் படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வெளிவந்த பின்னரும் நெடுங்காலம் தமிழில் கறுப்பு வெள்ளைப் படங்களே பெரும்பான்மையாக இருந்தன. இயல்புநிலை அமைப்பில் வரையப்படும் எந்த வரைபடமும் வண்ணம் பரவலாகும் காலத்தில் திடீரென வெட்டுகள் பெருகியதாகக் காட்டும். அதன் ஒரு பகுதி படத்தொகுப்பாளரின் செயலாக இருக்கலாம். மற்றொரு பகுதி வகுத்தலின் விளைவு. இரண்டையும் பிரிக்காமல் ‘பழைய தமிழ்ப் படங்கள் நாடகத்தனமானவை, மெதுவானவை’ என்னும் பழகிய தீர்ப்புக்கு எண்ணின் அதிகாரத்தை வழங்குவது வரலாற்றுப் பிழையாகிவிடும்.

தீர்வு கருவியினுள்ளேயே உண்டு. ஒளிர்வை மட்டும் கணக்கிடும் அமைப்பை இரு காலத்துப் படங்களுக்கும் பொதுவாகக் கொள்ளலாம். 2024இல் சேர்ந்த ஒளிர்வுப் பரவல் முறையும் வண்ணத்தைச் சாராதது. ஒப்பாய்வுக்கு இவையே பொருத்தமானவை.

பதினைந்து சட்டகங்கள்

எதிர்த்திசையிலும் ஒரு சாய்வு உண்டு. 0.6 வரிசையைப் பைத்தான் நிரலிலிருந்து இயக்கும்போது ஷாட்டின் குறைந்தபட்ச நீளம் 15 சட்டகங்கள் என இயல்பாக அமைந்துள்ளது. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் இது 0.625 நொடி. இதனினும் குறுகிய ஷாட்டுகள் தனித்து எண்ணப்படுவதில்லை. 0.6.4 பதிப்பு, நெருங்கிய வெட்டுகளை ஒன்றிணைப்பதா, அடக்கிவிடுவதா என்னும் தேர்வை ஆய்வாளரிடமே தந்தது. மின்னும் விளக்குகள் நிறைந்த பாடல்களுக்கு இது நன்மை. ஆனால் சண்டைக்காட்சியில் உண்மையாகவே அரை நொடிக்கொரு வெட்டு இருக்குமாயின் அவையும் சேர்ந்து மறையும். ஆக, இயல்புநிலை அமைப்பு பழைய படத்தின் வெட்டுகளைக் கண்டறியத் தவறுகின்றது. புதிய படத்தின் மிகவிரைவான பகுதியையும் தட்டையாக்குகின்றது. இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை.

படிப்படியாகக் கரைந்து மாறும் இணைப்பும், ஒரு படம் மற்றொன்றைத் துடைத்து நகரும் இணைப்பும் நேர்வெட்டு முறைக்கு எளிதில் அகப்படா. பழைய படங்களில் காலமாற்றத்தையும் இடமாற்றத்தையும் உணர்த்துபவை பெரும்பாலும் இவையே. அதாவது, தமிழ் மரபின் பொருளில் ‘களம்’ மாறும் இடங்களையே கருவி தவறவிட வாய்ப்பு மிகுதி. 2020இல் பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டிரான்ஸ்நெட்வி2 போன்ற நரம்பியல் வலையமைப்புக் கருவிகள் இவ்விணைப்புகளையும் கற்றவை. இரு கருவிகளையும் ஒப்பவைத்துப் பார்ப்பது நலம்.

பிரதியின் வரலாறு

அளக்கப்படும் பொருள் படமா, பிரதியா என்னும் வினாவும் எழுகின்றது. படச்சுருள் காலத்தில் 1,000 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். ஆரப்பாளையத்தின் குரு திரையரங்கு போன்ற நகரத் திரையரங்குகளில் ஓடிய பிரதிகள், பின்னர் சிற்றூர்களின் கொட்டகைகளுக்கும் சென்று தேய்ந்தன. சுருளின் முனைகளே மிகுதியாகச் சேதமுற்றன. அறுந்த இடம் ஒட்டப்படும்போதெல்லாம் சில சட்டகங்கள் குறைந்தன. ஒட்டு, கீறல், ஒளித்துடிப்பு ஆகியவற்றைக் கருவி வெட்டென எண்ணக்கூடும்.

பின்னர் தொலைக்காட்சிக்கும் குறுவட்டுக்கும் மாற்றப்பட்டபோது 24 சட்டகப் படம் நொடிக்கு 25 சட்டகமாக ஓட்டப்பட்டது. 150 நிமிடப் படம் 144 நிமிடமாகச் சுருங்கியது. ஷாட்டின் சராசரி நீளமும் 4 விழுக்காடு குறைந்தது. பாடல் நீக்கப்பட்ட பிரதிகளில் நீண்ட ஷாட்டுகளும் நீங்கியிருக்கக்கூடும். 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ போன்ற முதற்படங்கள் முற்றாக அழிந்துவிட்ட நிலையில், எஞ்சியவற்றின் எப்பிரதி அளக்கப்பட்டது என்பதைப் பதியாத ஆய்வு, சுவடியின் பெயரைச் சுட்டாத பதிப்புக்கு ஒப்பாகும்.

முடிவுரை

ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காட்டும் ஒழுங்கைத் தமிழாய்வுலகம் நெடுங்காலமாகப் பேணிவருகின்றது. எண்ணிம ஆய்வுக்கும் அவ்வொழுங்கே தேவை. கருவியின் பதிப்பெண், கண்டறி முறை, வரம்பு, குறைந்தபட்ச ஷாட் நீளம், பிரதியின் மூலம், அதன் சட்டக வேகம் ஆகிய ஆறையும் ஆய்வேடுகள் குறித்தல் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் குறைந்தது பத்து நிமிடப் பகுதியையேனும் ஆய்வாளர் கண்ணால் எண்ணி, கருவியின் எண்ணோடு ஒப்பிட்டு, தவறிய வெட்டுகளையும் போலி வெட்டுகளையும் அட்டவணையில் தருதல் வேண்டும். வெட்டு வேறு, காட்சி வேறு என்னும் சொல்லொழுங்கும் இதனோடு இணைந்தது.

கட்டற்ற மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் பொதுவெளியில் பதிவாகின்றது. பழைய பதிப்பும் கிடைக்கின்றது. எனவே ஓர் எண் ஏன் மாறியது என்பதை எவரும் சரிபார்க்கலாம். அவ்வாய்ப்பைப் பயன்படுத்தினால் ‘பராசக்தி’யையும் ‘பருத்திவீர’னையும் நேர்மையாக ஒப்பிட இயலும். பயன்படுத்தாவிடில், படத்தொகுப்பாளர் கத்தரித்த இடங்களைவிட மென்பொருள் வகுத்த இடங்களே வரலாறாக எழுதப்பட்டுவிடும்.