கண்ணாடிப் படம்

கோவை கணபதிப் பக்கம் ஒரு வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினால் சுவரிலிருந்து முதலில் இறங்குவது அப்பாரு படம், அதாவது அப்பாவின் அப்பா. "பாத்துப் புடிங்க, கண்ணாடி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அங்கே கண்ணாடி என்றால் சட்டம், ஆணி, உள்ளே இருக்கும் அப்பாரு எல்லாம் சேர்ந்ததுதான். அதே வீட்டின் பரண்மேல் தகரப் பெட்டியில், காகிதம் சுற்றிய கனத்த கண்ணாடிச் சில்லு ஒன்று கிடக்கலாம். வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை முகம் கறுத்தும் கருங்கூந்தல் வெளுத்தும் தெரியும். அதையும் கண்ணாடிப் படம் என்கிறோம். மூன்றாவதாக ஒன்று உண்டு. பின்னால் கறுப்புப் பூச்சு இருக்க, நேரே பார்த்தாலே முகம் தெரிகிற கண்ணாடி. அதற்கும் இதே பேர். மூன்றும் வேறு வேறு பொருள்கள். ஒன்றைக் காப்பாற்றும் வழி இன்னொன்றை அழித்துவிடும். அதனால் துணியைக் கையில் எடுக்குமுன் இந்தப் பேரைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

படம் என்ற சொல் துணியிலிருந்து வந்தது. மயிலுக்குப் பேகன் போர்த்தியதைப் புறநானூற்றின் 141ஆம் பாட்டு படாம் என்கிறது. பேகன் பழனி மலைக்காரன், கொங்குக்குத் தூரமில்லை. வடமொழியிலும் பட என்றால் துணிதான். யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற வழக்கு இங்கே வேண்டாம். துணியில் எழுதிய சித்திரத்துக்குப் பேராகி, பிறகு காகிதம், சுவர் எதில் எழுதினாலும் படம் என்றாகி, கடைசியில் சினிமாவுக்கும் அதுவே பேராயிற்று. கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவி வாங்கி ஊர் ஊராகக் காட்டியதும், 1914இல் வெரைட்டி ஹால் கட்டி ஓட்டியதும் படம்தான். இடைவேளையில் திரையில் விழுந்த விளம்பர சிலைடுகளும் கண்ணாடியில் எழுதியவையே.

கண்ணாடியின் கதை வேறு. பழைய சொல் ஆடி. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆடிப்பாவை என்று வருகிறது: எதிரே நிற்பவர் கை தூக்கினால் தானும் தூக்குகிற பிம்பம். அந்தக் காலத்து ஆடி, தேய்த்து மெருகேற்றிய உலோகம். கண்ணோடு சேர்ந்து கண்ணாடியான சொல், பின்னால் உலோகத்தை விட்டுச் சில்லுக்குக் குடிபெயர்ந்தது. ஆள் நகர்ந்தால் ஆடிப்பாவையும் போய்விடும். அதைப் போகாமல் நிறுத்தும் வித்தையை 1839இல் பாரிசில் டாகேர் அறிவித்தார். அவர் பிடித்ததும் உலோகத்தில்தான். வெள்ளி பூசி மெருகேற்றிய செப்புத் தகடு.

கண்ணாடியில் படம் பரவலானது, 1851இல் இங்கிலாந்தின் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறையால். இந்த இடத்தில் எனக்கு மனம் நின்றுவிடுகிறது. கண்ணாடியில் வெள்ளி உப்பு ஒட்டாது. பிடித்துவைக்க ஒரு பசை வேண்டும். ஆர்ச்சர் எடுத்தது கொலோடியன். பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்து, ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கிடைக்கும் குழம்பு அது. பஞ்சு! துணியில் தொடங்கிய படம் கண்ணாடிக்கு ஏறியபோதும் பருத்தியை விடவில்லை. கரிசல் பருத்தியை நம்பி 1888இல் ஸ்டேன்ஸ் மில் எழும்பிய கோவையில், பஞ்சு நூலாவதை அறிந்த இந்த ஊரில், பஞ்சு முகமாவதையும் சொல்லித்தர வேண்டும்.

கொலோடியன் பூசிய தகடு ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவப்பட வேண்டும். நம் வெயிலில் அதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். 1856இல் சென்னையில் போட்டோ சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு மாகாணத்தின் படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் சேலத்தையும் ராயக்கோட்டையையும் எடுத்தார். பெரும்பாலும் காகித நெகட்டிவில். பிறகு ஊட்டியில் ஏ. டி. டபிள்யூ. பென் போன்றவர்கள் ஸ்டுடியோ வைத்து ஈரப் பிளேட்டில் வேலை செய்தார்கள். 1873இல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தது. கனத்த கண்ணாடிப் பெட்டிகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் கொங்குக் குடும்பங்களின் பெட்டியில் இருப்பது அநேகமாக அதற்கடுத்த வகை. 1871இல் ரிச்சர்ட் மாடாக்ஸ் ஜெலட்டின் பூச்சைச் சொன்னார்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலர் பிளேட் ஆலைச் சரக்காயிற்று. ஸ்டுடியோக்காரர் வாயில் 'ஹாஃப் பிளேட்' போன்ற அளவுப் பேர்கள் அப்படித்தான் தங்கின.

காலம் கணிக்க முதலில் ஓரத்தைப் பாருங்கள். கையால் ஊற்றிய ஈரப் பிளேட்டில் பூச்சு ஓரத்தில் கோணலாக நிற்கும், ஒரு மூலையில் விரல் பிடித்த தடம் இருக்கும், நிறம் பாலேட்டுப் பழுப்பு. உலர் பிளேட்டில் பூச்சு ஒரே சீர், நிறம் கறுப்பும் சாம்பலும்; வயதாகும்போது ஓரங்களில் வெள்ளிப் பளபளப்பு ஏறும். கறுப்புப் பின்னணி வைத்து நேராகத் தெரியும் படம் ஆம்ப்ரோடைப். 1854இல் அமெரிக்காவில் அதன் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வெளிச்சமும் சாட்சி சொல்லும். 1930களில் பைக்காரா மின்சாரம் வருமுன் இங்கே ஸ்டுடியோ வேலை பகல் வெளிச்சத்தை நம்பியே நடந்தது. புகைப்படம் என்ற பேருக்கு, 1887இல் வந்த மக்னீசியப் பொடி கிளப்பிய புகையைக் காரணமாகச் சொல்வதுண்டு. கண்ணாடிக்கூரை வழியே இறங்கிய பகல் வெளிச்சத்தில் எடுத்த அப்பாருவுக்கு அந்தப் பேர் ஒட்டவே இல்லை. போட்டோ என்றே சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை. கண்ணாடியின் வயது ஆளின் வயதாகிவிடாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய காலத்தில் ஒருவருக்கு ஒரே படம் இருப்பதே பெரிது. அவர் போனபின் ஸ்டுடியோவில் கொடுத்து அதைத் திரும்பப் படமெடுத்து வைப்பார்கள். பிளேட்டில் காகித விளிம்போ குண்டூசித் தலையோ தெரிந்தால் அது நகல்; மூலம் இன்னும் பழையது. இடம் வலம் மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆண் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் மூடும். அது மாறித் தெரிந்தால் படத்தைத் திருப்புங்கள்.

இனி வினைச்சொற்கள். பிலிமைக் கழுவக் கொடுத்தோம் என்று சொல்லிப் பழகிய வாய், பிளேட்டையும் கழுவலாம் என்று நம்பிவிடுகிறது. ஸ்டுடியோக்காரர் கழுவியது படத்தை வரவழைக்க. நாம் கழுவினால் படம் போய்விடும். ஜெலட்டின் தண்ணீரில் ஊதும். கொலோடியன் மேலிருக்கும் வார்னிஷ் ஸ்பிரிட்டில் கரையும். உலர் பிளேட்டில் பளபளக்கும் பக்கம் வெறுங்கண்ணாடி, மங்கிய பக்கம் படம். கண்ணாடிப் பக்கத்தை மட்டும் மெல்லிய பிரஷால் தட்டலாம். மங்கிய பக்கத்தில் பென்சில் கீறலும் சிவப்புச் சாயமும் தெரிந்தால் அழுக்கென்று எண்ண வேண்டாம்; அது டச்சிங். அம்மை வடுவையும் கண்ணின் கருவளையத்தையும் மறைக்க, பெயர் தெரியாத ஒரு கலைஞர் குனிந்து உட்கார்ந்து செய்த வேலை. அதைத் துடைத்தெறிந்த கண்ணாடியைப் பார்ப்பது எனக்குத் தாங்காது.

உடைந்த பிளேட்டுக்குச் செலோடேப் ஒட்டவே கூடாது. துண்டுகளை அடுக்கி இரண்டு சுத்தமான கண்ணாடிகளுக்கு இடையில் வைத்துக் காக்கலாம். பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், அமிலமில்லாத காகித உறையிலிட்டு நீளவாக்கில் நிறுத்த வேண்டும். லைட் பாக்ஸ் மேல் வைத்துக் கேமராவால் எடுத்துக் கணினியில் நிறத்தைப் புரட்டினால் நேர்ப்படம் கிடைத்துவிடும். சீரமைப்பை அந்த நகலில் செய்யுங்கள், மூலத்தில் வேண்டாம்.

சுவர்ப் படத்தின் நோய் வேறு. ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்க ஈரத்துணியால் துடைக்கிறோம். சட்டத்தின் அடியில் தண்ணீர் இறங்கி, ஊதிய ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டினதைப் பிரிக்கப் பார்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்துவிட்டு, தேர்ந்தவர் கைக்குப் போகும்வரை அப்படியே விடுவது நல்லது. புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வளையம் வைக்கச் சொன்னால் இந்த நோயே வராது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பொருள் பாதுகாப்புக்கென ஆய்வகம் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமமாக்கியிருக்கிறார்கள். கண்ணாடி நெகட்டிவ்களும் அதில் உண்டு. ஆனால் எந்த நிறுவனத்தாலும் சொல்ல முடியாதது, படத்தில் இருப்பவர் யார் என்பது. அதற்கு வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே, "அம்மாயி, இது ஆருங்க?" என்று கேட்க வேண்டும். பிளேட்டை உள்ளே வைக்குமுன் உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள்: பேர், ஊர், அப்பாரு வழியா அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வழியா, சொன்னவர் யார், சொன்ன தேதி. கூடவே ஈரப் பிளேட்டா, உலர் பிளேட்டா, நகலா என்றும். கண்ணாடிப் படம் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்.