எட்டுக் கட்டி அரிசி: ஜப்பான்காரன் காலத்துச் சமையல், நம்ம வீட்டு அடுப்பில் ஏழு நாள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படிங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா வாசிச்சுக் காட்டுங்க.

ஆடி மாசக் கூட்டமெல்லாம் ஓய்ஞ்ச பிறகு நம்ம கோயில் சமையல்கட்டுத் தொண்டர்கள் 11 பேர் ஒரு காரியம் செஞ்சோம். ஏழு நாள், அவரவர் வீட்டில், ஜப்பான்காரன் காலத்துப் பங்கீட்டு அளவு அரிசியை மட்டும் எடுத்துக்கிட்டு, மிச்ச வயித்தை மரவள்ளிக் கிழங்கும் கீரையும் வெச்சு ஒப்பேத்தினோம். வாட்சப்பில் படத்தைப் பார்த்துட்டு "என்ன, டயட்டா?"ன்னு கேட்டவங்கதான் அதிகம். டயட் இல்லைங்க. 1942 தொடங்கி 1945 வரைக்கும் இந்த மண்ணுல நம்ம ஆளுங்க வீட்டு உலையில் என்ன கொதிச்சதுன்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டோம். தாத்தா பாட்டி சொன்ன கதையில் "கிழங்கு தின்னோம்"னு ஒரே வரியில் முடிஞ்சிடும். அந்த ஒரு வரிக்குள்ள மூன்றரை வருஷம் இருக்கு.

முதல்ல அளவு. 1944 தொடக்கத்தில் சிங்கப்பூரில், அப்போ அதுக்கு சியோனான்னு பேர் மாத்தி வெச்சிருந்தாங்க, மாசத்துக்கு ஆம்பளைக்கு 8 கட்டி அரிசி, பொம்பளைக்கு 6 கட்டி, பிள்ளைக்கு 4 கட்டி. கட்டின்னா இப்ப உள்ள பிள்ளைங்களுக்குத் தெரியாது, சுமார் 600 கிராம். கணக்குப் போட்டா ஒரு ஆம்பளைக்கு மாசம் 4.8 கிலோ, ஒரு நாளைக்கு 160 கிராம். பொம்பளைக்கு 120. பிள்ளைக்கு 80. தீபகற்பத்தில் இடத்துக்கு இடம், மாசத்துக்கு மாசம் அளவு மாறும். தோட்டப்புறத்தில் பல நேரம் இதுகூட கைக்கு வந்து சேராது. நாங்க சிங்கப்பூர் அளவையே எடுத்துக்கிட்டோம்.

160 கிராம்னா எவ்வளவு? ஒரு சின்ன டம்ளர். அதுதான் மூணு வேளைக்கும். நம்ம வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு 25 கிலோ மூட்டை ஒண்ணு பிரிக்கிறோம் இல்லையா, அது அந்தக் காலத்தில் அஞ்சு ஆம்பளைங்களோட ஒரு மாச அரிசி. நாம அதை ஒரே மத்தியானத்தில் வடிச்சு முடிக்கிறோம். இலையில் மிஞ்சிப் போறதைப் பத்தி இங்க பேசலை, அது வேற பஞ்சாயத்து.

சரி, அரிசி ஏன் இல்லாமப் போச்சு? ஜப்பான்காரன் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போனான்னு ஒரே போடாப் போட்டுடறோம். பாதிதான் உண்மை. போருக்கு முன்னாடியே மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் மூணுல ஒரு பங்குதான் விளைவிச்சது. வெள்ளைக்காரனுக்குக் கித்தா வேணும், ஈயம் வேணும். காட்டை அழிச்சுக் கித்தா நட்டான், நடவும் பால் வெட்டவும் நம்மைக் கப்பலில் கொண்டுவந்தான், நமக்குப் போட அரிசியை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்கினான். கப்பல் ஓடுற வரைக்கும் கணக்கு சரியா இருந்துச்சு. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் ஜப்பான் படை இறங்கின பிறகு எந்தக் கப்பல் வரும்? அதோட, 1943-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நாலையும் ஜப்பான் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்துட்டது. நாட்டோட நெல்லுக் களஞ்சியமே கெடாதான். இருந்த கொஞ்ச நெல்லும் இன்னொருத்தன் வீட்டுச் சொத்தாயிடுச்சு.

அதே பர்மா அரிசி நின்னதாலதான் கேரளத்திலும் அப்போ கப்பைக் கிழங்கு பசி தீர்த்தது. எங்க குழுவில் ஒரு மலையாளி அக்கா இருக்காங்க. அவங்க வீட்டில் கப்பைன்னா விசேஷச் சாப்பாடு. நம்ம வீடுகளில் சில பெரியவங்க இன்னிக்கும் மரவள்ளியைக் கண்டாலே தட்டைத் தள்ளி வெச்சிடுவாங்க. ஒரே கிழங்கு, ஒரே போர்!

இந்தியாவிலிருந்து வர வேண்டியதும் நின்னுச்சு. துவரம் பருப்பு, மல்லி, சீரகம், வெங்காயம், இதெல்லாம் கப்பல் சாமான். அதனால எங்க ஏழு நாளுக்கும் பருப்பு கிடையாதுன்னு முடிவு பண்ணினோம். பால் கிடையாது, கோதுமை மாவு கிடையாது, மைலோ கிடையாது (இதுக்குத்தான் பெரிய எதிர்ப்பு). தேங்காய் உண்டு. உப்பு, பச்சை மிளகாய், கொஞ்சம் சீனி உண்டு. கொல்லையில் முளைக்கிறது எல்லாம் உண்டு: முருங்கைக் கீரை, பப்பாளிக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, சர்க்கரைவள்ளி இலை. பிள்ளைங்க, சர்க்கரை வியாதிக்காரங்க, மாசமா இருக்கிறவங்க யாரையும் இதில் சேர்க்கலை. அதே வீட்டில் அவங்களுக்குத் தனி உலை.

எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய்தான். அந்தக் காலத்தில் சுத்திகரிக்காத சிவப்புச் செம்பனை எண்ணெயிலும் சமைச்சாங்க, விளக்கும் ஏத்தினாங்க. வாசம் ஒரு மாதிரி இருக்கும், ஆனா கண்ணுக்கு நல்ல சத்து அதில் உண்டு. ஒன்பது பத்து வயசில் அதைச் சாப்பிட்ட ஒரு தாத்தாகிட்ட கேட்டோம். முகத்தைச் சுளிச்சார், அவ்வளவுதான் பதில்.

இனி சமையல். மரவள்ளியைச் சும்மா வேக வெச்சா போதும்னு நினைக்காதீங்க. அதில் இயற்கையாவே நஞ்சு இருக்கு, கசப்புக் கிழங்கில் ரொம்ப அதிகம். பழுப்புத் தோலையும் அதுக்கு அடியில் இருக்கிற தடிச்ச தோலையும் சேர்த்து உரிக்கணும். நடு நரம்பை எடுத்துடணும். நிறையத் தண்ணி விட்டு, மூடாம வேக வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டணும். உள்ளே நீலமாவோ கறுப்பாவோ கோடு ஓடியிருந்தா தூக்கிப் போட்டுடுங்க. வாயில் வெச்சுக் கசந்தாலும் துப்பிடணும். பசியில் தோண்டின உடனே அரைவேக்காட்டில் தின்னு செத்தவங்க கதை தோட்டத்துக்குத் தோட்டம் கேட்டிருக்கோம்.

முதல் நாள் அவிச்ச கிழங்கு, தேங்காய்ப்பூ, உப்பு, நசுக்கின பச்சை மிளகாய். நல்லாத்தான் இருந்துச்சு, எல்லாரும் படம் எடுத்துப் போட்டோம். இரண்டாம் நாள் கிழங்குப் புட்டு. துருவி, துணியில் கட்டி நல்லாப் பிழிஞ்சு, உதிர்த்து, தேங்காய் போட்டு ஆவியில் வேக வைக்கிறது. பழைய ஆளுங்க தகரத்தில் ஆணி அடிச்சு ஓட்டை போட்டு, சொரசொரன்னு இருக்கிற பக்கத்தில் துருவுவாங்களாம். எங்க தம்பி ஒருத்தர் பிஸ்கட் டின்னை வெட்டி அதே மாதிரி ஒண்ணு செஞ்சார். கடைத் துருவியைவிட நல்லா வேலை செய்யுது. பிழிஞ்ச தண்ணியை அரை மணி நேரம் விட்டா அடியில் வெள்ளையா மாவு தங்கும். மேல் தண்ணியைக் கொட்டிட்டு அந்த மாவைக் காய வெச்சா கஞ்சிக்கு ஆகும். ஒரு துளிகூட வீணாக்கலை அவங்க.

மூணாம் நாள் ரொட்டி. துருவிப் பிழிஞ்ச கிழங்கில் உப்பும் தேங்காயும் சேர்த்து, வாழை இலையில் தட்டி, எண்ணெய் இல்லாத சட்டியில் ரெண்டு பக்கமும் நல்லா வேக விடணும். சூட்டோட சாப்பிட்டா பரவாயில்லை. ஆறினா செருப்புத் தோல்தான், பல்லு கழண்டுடும். பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் இதைத்தானே பொட்டலம் கட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க, ஆறினதைத்தானே தின்னிருப்பாங்க?

அரிசிக்கு எங்க ஆளுங்க ஆளுக்கொரு வழி கண்டுபிடிச்சாங்க. சிலர் ராத்திரி ஒரு வேளை மட்டும் சோறு. சிலர் மூணு வேளையும் கஞ்சி, அதில் கிழங்குத் துண்டு மிதக்கும். கஞ்சிதான் நல்லதுன்னு நாலாம் நாள் எல்லாரும் அந்தப் பக்கம் வந்துட்டாங்க. ஒரு பிடி அரிசி பானை நிறைஞ்ச மாதிரிக் கண்ணுக்குத் தெரியுது. பருப்பில்லாத குழம்புதான் எங்களால முடியலை. பப்பாளிக்காயும் புளிச்சக் கீரையும் போட்டுக் கொதிக்க வெச்சோம், அது குழம்புமில்லை, ரசமுமில்லை. சர்க்கரைவள்ளி இலைப் பொரியல் மட்டும் அருமை. இனிமே அன்னதானத்திலேயே வைக்கலாம்னு பேச்சு.

உடம்புக்கு என்ன ஆச்சு? கிழங்கு வயித்தை நெறைக்கும், கல்லு மாதிரி உட்காரும். ரெண்டு மணி நேரத்தில் உள்ளே எதுவுமே போகாத மாதிரி இருக்கும். காரணம் எளிமை. 100 கிராம் அரிசியில் சுமார் 7 கிராம் புரதம், கிழங்கில் ஒண்ணு, ஒண்ணரைக்கு மேல தேறாது. எங்க குழுவில் லாரி ஓட்டுற ஒரு அண்ணன் அஞ்சாம் நாள் விலகிட்டார், வேலை ஆபத்தான வேலை, நாங்களே போதும்ணேன்னு சொல்லிட்டோம். அந்த ஏழு நாளும் யாராவது "பசியாறியாச்சா?"ன்னு கேட்டா அந்தச் சொல்லோட அர்த்தம் முழுசா உறைச்சது. மூன்றரை வருஷம் இப்படிப் போனா பெரிபெரி வராம என்ன செய்யும்? கால் வீங்கி, ஆறாத புண்ணோட இருந்தவங்க எத்தனையோ பேர். எங்களுக்கு எட்டாம் நாள் காலையில் தோசை காத்திருந்துச்சு. அதனால "அவங்க பட்டதை நாங்களும் அனுபவிச்சோம்"னு யாரும் எழுதாதீங்கன்னு குழுவிலேயே சொல்லி வெச்சோம். கெம்பித்தாய்க்காரன் எங்க கதவைத் தட்டலை.

கடையில் வாங்கலாமேன்னு கேட்கலாம். வாழைமர நோட்டு இருந்துச்சு, ஜப்பான்காரன் அடிச்ச 10 வெள்ளி நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும். அச்சடிக்க அச்சடிக்க மதிப்பு இறங்கிக்கிட்டே போச்சு, கள்ளச் சந்தை விலை ஏறிக்கிட்டே போச்சு. போர் முடிஞ்சு வெள்ளைக்காரன் திரும்பினதும் அந்த நோட்டு செல்லாதுன்னுட்டான். நம்ம கோயில் பழைய பெட்டியில்கூட ஒரு கட்டு கிடக்கு, உண்டியலில் விழுந்ததா இருக்கணும்.

இப்ப, இதையெல்லாம் ஏன் செஞ்சோம்னு சொல்லணும். வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்கு முன்னோர் பேர்ப் பட்டியல் எழுதி வாங்கறோம் இல்லையா? போன வருஷம் பழைய நோட்டுப் புத்தகங்களைக் கணினியில் ஏத்தின பிள்ளைங்க வந்து கேட்டாங்க: "அக்கா, சில பேருக்கு இறந்த திதி இருக்கிற இடத்தில் 'சயாம்'னு எழுதியிருக்கு, இது என்ன திதி?"

அது திதி இல்லை. சயாம்-பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் போட்டு முடிச்சாங்க. கித்தா ஏற்றுமதி நின்னு தோட்டத்தில் வேலையும் கூலியும் இல்லாமக் கிடந்த நம்ம ஆளுங்களை, அரிசி தர்றோம், சம்பளம் தர்றோம், சில மாசத்தில் திரும்பிடலாம்னு சொல்லியும், சொல்லாமலே லாரியில் ஏத்தியும் கொண்டுபோனாங்க. மலாயாவிலிருந்து போனவங்களில் பெரும்பாலானவங்க தமிழர். காலரா, மலேரியா, பசி. திரும்பாதவங்க பல்லாயிரம். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக் கல்லறை இருக்கு, பேர் இருக்கு. நம்ம ஆளுங்க பேர் இருக்கிற இடம் இந்த மாதிரிக் கோயில் நோட்டுப் புத்தகம்தான். என்னிக்குச் செத்தாங்கன்னே தெரியாதவங்களுக்கு மகாளய அமாவாசையில்தானே கொடுக்கணும், அதனாலதான் குடும்பத்தாருங்க அன்னிக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க.

ஆம்பளை சயாமுக்குப் போன வீட்டில் அடுப்பு எப்படி எரிஞ்சுது? நாங்க மேலே போட்ட கணக்கில் 8 கட்டிக்காரரை எடுத்துடுங்க. 6 கட்டி, பிள்ளைக்கு 4, 4. ஒரு நாளைக்கு 280 கிராம், மூணு பேருக்கு. அதை எங்க சமையல்கட்டு மேசையில் அளந்து கொட்டிப் பார்த்தோம். யாரும் படம் எடுக்கலை.

அந்தப் பட்டியலில் ஒரு பேருக்கு இன்னும் ஒரு தங்கச்சி இருக்காங்க, 90 தாண்டிய பாட்டி. போய்ப் பார்த்தோம். அண்ணனைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு அம்மா அவசரமா அவிச்ச கிழங்கைத் துணியில் முடிஞ்சு கொடுத்தாங்களாம். அதுக்கப்புறம் அவங்க வீட்டில் அண்ணன் படையலுக்குச் சோறு, வடை, பாயசத்தோட ஒரு துண்டு மரவள்ளியும் வைப்பாங்களாம். இப்ப மருமகள் காலத்தில் அது நின்னுபோச்சு, சொல்ல அவங்களுக்குக் கூச்சமா இருந்திருக்கு. இதைக் கோயிலில் சொன்னப்ப ரெண்டு கருத்து வந்துச்சு. அமாவாசைப் படையலில் கிழங்கு வைக்கிறது முறையில்லைன்னு மூத்த தொண்டர் ஒருத்தர். குருக்கள்கிட்ட கேட்டோம். தர்ப்பணம் எள்ளும் தண்ணியுமா சாஸ்திரப்படி நடக்கட்டும், வீட்டுப் படையல் அந்தந்தக் குடும்பத்து வழக்கம்னுட்டார். எங்களுக்கு அது சரியாப் பட்டது.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. ஜப்பான்காரன் போன கையோட சோறு வந்துடலை. 1945-க்குப் பிறகும் பங்கீடு நீடிச்சது. 1946-இல் சிங்கப்பூரில் அரசாங்கமே மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகள் திறந்து 35 காசுக்குச் சோறு போட்டது. போருக்கு அப்புறம் பிறந்தவங்கதானேன்னு உங்க அப்பா அம்மாவை விட்டுடாதீங்க, அவங்களும் அந்த வரிசையில் நின்னிருப்பாங்க. கேட்டுப் பாருங்க.

இந்த வருஷ மகாளய அமாவாசை அன்னிக்கு வழக்கமான அன்னதானத்தோட அவிச்ச மரவள்ளியும் தேங்காய்ப்பூவும் ஒரு தட்டு இருக்கும். வேண்டாம்னு சொல்ற பெரியவங்களை யாரும் வற்புறுத்தாதீங்க, தொண்டர்கள் இதைக் கண்டிப்பா கவனிக்கணும். உங்க குடும்பத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவங்க இருந்தா பேர், அப்பா பேர், எந்தத் தோட்டம், இது மூணையும் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்க. திதி தெரியலைன்னா பரவாயில்லை. தோட்டத்துப் பேர் முக்கியம், அந்தத் தோட்டங்களில் பாதி இப்ப வீடமைப்பாயிடுச்சு. கிழங்கு உரிக்க காலை 5 மணிக்கு ஆள் வேணும். கத்தி நாங்க தர்றோம்.