மாத்திரைக் கணக்கும் ரத்தக் கணக்கும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையைக் கிராமத்தில் 'சத்து மாத்திரை' என்பார்கள். அதில் இரும்பும் போலிக் அமிலமும் இருக்கின்றன. எத்தனை பேருக்கு அது கிடைத்தது, எத்தனை நாள் விழுங்கினார்கள் என்று அரை நூற்றாண்டாக அரசு கணக்கெடுத்து வருகிறது. அந்தக் கணக்கை, எந்தப் பெண்ணுக்காக இந்த மாத்திரை வந்தது என்ற கேள்வியோடு நான் வாசிக்க விரும்புகிறேன்.

போலிக் அமிலத்தின் கதையே ஒரு பெண் மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. 1928இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ், கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். பஞ்சாலைகளில் வேலைபார்த்த ஏழைப் பெண்கள் பலர் அதற்குப் பலியானார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் அந்தப் பெண்களைக் குணப்படுத்துவதை 1931இல் எழுதினார். அதற்குள் இருந்த சத்துதான் பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. மருத்துவ வரலாறு இந்தக் கண்டுபிடிப்பை நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு முக்கியமாகப்படுவது அதற்கு முந்தைய வேலை. பம்பாய்ப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தார்கள் என்று அவர் முதலில் கணக்கெடுத்தார். மருந்தைத் தேடும் முன் அந்தப் பெண்களின் அடுப்படியைப் பார்த்தார்.

1970இல் இந்திய அரசு ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த வரிசை தலைகீழானது. மாத்திரை முதலில் வந்தது. கர்ப்பிணிக்கு நூறு நாளைக்கு நூறு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு. பயனாளிகளின் பட்டியலைப் பாருங்கள்: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்ட பெண்கள், சிறு குழந்தைகள். வயிற்றில் பிள்ளை இருக்க வேண்டும், மார்பில் பிள்ளை இருக்க வேண்டும், இல்லையென்றால் இனிப் பிள்ளை வேண்டாமென்று அரசிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மாதந்தோறும் உதிரப்போக்கோடு வயலில் களையெடுக்கும் பெண், பெண் என்ற காரணத்தால் மட்டும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. கருத்தடை வளையம் பொருத்திய பலருக்கு உதிரப்போக்கு அதிகமானது. 1965 முதல் அந்த வளையத்தை நாடெங்கும் கொண்டுசென்றதும் அரசுதான். ஒரு கையால் ரத்தத்தை இழக்க வைத்து, மறு கையால் மாத்திரை நீட்டிய கதை இது.

1980களின் நடுவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 11 மாநிலங்களில் இத்திட்டத்தை மதிப்பிட்டது. பரிசோதித்த கர்ப்பிணிகளில் 87.6 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. திட்டம் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த நிலை இது. 1991இல் திட்டத்தின் பெயரில் 'தடுப்பு' போய்க் 'கட்டுப்பாடு' வந்தது. இரும்பின் அளவு 100 மில்லிகிராமாக உயர்ந்தது.

மாத்திரை பலன் தராதபோதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது: பெண்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சாப்பிடாததற்கான காரணங்களை உடல் நன்றாக அறியும். வயிற்றைப் புரட்டும், மலம் கறுத்து இறுகும். விடியுமுன் ஊருக்கு வெளியே ஒதுங்க வேண்டியிருந்த பெண்ணுக்கு மலச்சிக்கல் வெறும் பக்கவிளைவு அல்ல. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டல் கூடும் என்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கு வயிறு எப்போது நிறைந்திருக்கும் என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. அந்தப் பதிவேட்டை நிரப்புபவரும் ஒரு பெண்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அத்தனை பேருக்கும் நடக்கும் கிராம சுகாதார செவிலியரின் வேலை, கொடுத்த மாத்திரையின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. இலக்கு குறைந்தால் குற்றம் அவர் தலையில், அல்லது கர்ப்பிணியின் தலையில்.

தேசியக் குடும்பநல ஆய்வின் எண்கள் இந்த விளக்கத்தை இன்னும் சிக்கலாக்குகின்றன. 2015-16இல் 100 நாட்களாவது மாத்திரை எடுத்த தாய்மார்கள் 30.3 சதவீதம், 2019-21இல் 44.1. பெண்கள் முன்பைவிட அதிகமாகவே விழுங்கினார்கள். அதே காலத்தில் கர்ப்பிணிகளிடம் ரத்தசோகை 50.4இலிருந்து 52.2 சதவீதமானது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம். அதே வயது ஆண்களில் 25. விரல்நுனி ரத்தத்தில் எடுத்த அளவு பிசகக்கூடும் என்ற விவாதம் நியாயமானது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து அளக்கட்டும். ஆனால், ஒரே முறையில் அளந்தும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருமடங்குக்கு மேல் வித்தியாசம் வருகிறதே, அதை ஊசியை மாற்றி அழித்துவிட முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதே ஆய்வில் ரத்த அழுத்தத்தை 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பார்த்தார்கள். பெண்ணின் ரத்தச் சத்தை 49 வயதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஐம்பதைத் தாண்டி நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்ணின் சோர்வு எந்த அட்டவணையிலும் இல்லை. பிள்ளை பெறும் வயது முடிந்ததும் அவள் ரத்தம் அரசுக்குத் தேவையற்றுப் போகிறது.

சத்து மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உயிர் காக்கும். இலவசமாக, தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் கீழ் கர்ப்பிணிகளுக்குத் தரும் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் இருப்பது நல்லதே. ஆனால் ஒரு திட்டத்தை மதிப்பிடப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த வீட்டில் பருப்பும் முட்டையும் யார் தட்டில் விழுகின்றன? உதிரப்போக்கு அதிகமென்று சொன்ன பெண்ணை யாராவது பரிசோதித்தார்களா? கர்ப்பமாவதற்கு முன்னும், பிள்ளைகள் வளர்ந்த பின்னும் அவளை இந்த நிலையம் எப்போதாவது அழைத்ததா? லூசி வில்ஸ் பம்பாயில் தொடங்கிய இடம் அதுதான். பெண்ணைத் தாயாக மட்டும் எண்ணும்வரை நம் மதிப்பீடுகள் அந்த இடத்துக்குத் திரும்பப் போவதில்லை.