கிடைக்காத உலாவுக்குப் பக்க எண்

1736 அளவில், ஒல்லாந்தர் ஆட்சியில், மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைப் பார்த்து எழுதியதாக அந்த நூலிலேயே குறிப்பு இருக்கு. முதல் இரண்டும் அச்சில் கிடைக்கின்றன. மற்ற இரண்டும் கிடைக்கவில்லை.

போன செமஸ்டர் அசைன்மென்டுக்காக அந்த உலாவைப் பற்றி சட்ஜிபிடியிடம் கேட்டோம். துளியும் தயங்கவில்லை. எத்தனை கண்ணி, யார் பதிப்பித்தது, எந்தப் பக்கம் என்று எல்லாம் சொன்னது. எங்களில் ஒராள் அதை ஸ்லைடிலும் போட்டாச்சு! நூலக அட்டவணையில் தேடினோம், நூலகம் இணையத்தளத்திலும் தேடினோம். அப்படி ஒரு பதிப்பே இல்லை. திருப்பிக் கேட்டால், மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு பதிப்பைச் சொல்லுது.

புலவரும் பிழைவிட்டவர்தான். 1928இல் வெளிவந்த 'யாழ்ப்பாண வைபவ விமர்சன'த்தில் சுவாமி ஞானப்பிரகாசர், போர்த்துக்கேயர் குறிப்புகளோடு ஒப்பிட்டு அவருடைய காலக்கணக்குகளை மறுக்கிறார். புலவர் எதைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்ததால் பிழை எங்கிருந்து வந்தது என்று தேட ஒரு வழி இருந்தது. இல்லாத பதிப்பை வைத்து யாரோடு வாதாடுவது?

சட்ஜிபிடியை நாங்கள் விட்டுவிடவில்லை. பிரிட்டோவின் 1879 ஆங்கில மொழிபெயர்ப்பில் விளங்காத வசனங்களுக்கு அது நல்ல உதவி. அதையும் கட்டுரைக் கடைசியில் எழுதிவிட்டோம். உலாவுக்கு மிஞ்சியது ஒரு வரி: வைபவமாலை குறிப்பிடுகிறது, பிரதி கிடைக்கவில்லை. புள்ளி குறையுமோ தெரியாது.