மூக்கில் வெட்டு, கண்ணில் வீக்கம்

மூக்கில் ஆபரேஷன் செய்தால் கண்ணைச் சுற்றி ஏன் கறுத்து வீங்குகிறது? மூக்கெலும்பை வெட்டும்போது பக்கத்தில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்கள் அறுபடுகின்றன. கசியும் ரத்தம் கண்ணிமைப் பக்கம் பரவுகிறது. அங்கே தோல் ரொம்ப மெல்லியது, அடியில் உள்ள திசுவும் தளர்வானது. கொஞ்சம் ரத்தம் போதும், யாரோ ஓங்கிக் குத்தியது போல ஆகிவிடும்.

மூக்கு ஆபரேஷன் இந்தியாவுக்குப் புதிதல்ல. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்யும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே உண்டு. மூச்சுவிட இரண்டு குழாய், காயத்தின் மேல் அதிமதுரப் பொடி, அதன்மேல் பஞ்சு, நல்லெண்ணெய் என்று பிறகு கவனிக்கும் முறையும் அதில் இருக்கிறது. ஆனால் அது அறுபட்ட மூக்கைத் திரும்ப உண்டாக்கும் வேலை. எலும்பை உடைப்பதில்லை.

எலும்பை வெட்டி மூக்கைச் சின்னதாக்கும் வேலையைப் பிரபலமாக்கியவர் பெர்லின் டாக்டர் ஜாக் ஜோசப். 1898-ல் அவரிடம் வந்தவர் 28 வயது நிலச்சுவான்தார். மூக்கு பெரிதாக இருக்கிறது என்பதால் வெளியே போகவே கூச்சப்பட்டவர். இது வீண் ஆடம்பரம் இல்லை, மனக்கஷ்டத்துக்கான சிகிச்சை என்று ஜோசப் வாதாடினார். அவர் ஒரு யூதர். கூட்டத்தில் தனியாகத் தெரியக்கூடாது என்று நினைத்த யூதர்கள் பலர் அவரைத் தேடி வந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். யாரும் கவனிக்கக்கூடாது என்று ஆபரேஷன் செய்துகொண்டவர், ஊரே திரும்பிப் பார்க்கிற முகத்தோடு இரண்டு வாரம் இருக்க வேண்டும்!

அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் பலவும் இந்த ரத்தக்கசிவைக் குறைப்பதற்கு உதவியவைதான்.

முதலில் அட்ரினலின். ஜப்பானியரான ஜோகிச்சி தகமினே இதைப் பிரித்தெடுத்தது பற்றி 1901-ல் எழுதினார். 1903-ல் ஜெர்மானியரான ஹைன்ரிஷ் பிரௌன் இதை மரத்துப்போகும் மருந்தோடு கலந்தார். ரத்தக்குழாய் சுருங்கியது, கசிவு குறைந்தது.

அடுத்தது கருவி. ஜோசப் எலும்பை அறுத்தது ரம்பத்தால். பிறகு மெல்லிய உளிகள் வந்தன. 2000-களில் அல்ட்ராசானிக் கருவியும் வந்தது. அது எலும்பை வெட்டும், மென்மையான திசுவை அதிகம் சிதைக்காது.

மூன்றாவது ஸ்டீராய்டு. 1948-ல் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலில் கார்டிசோன் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டெக்ஸாமெத்தசோனை ஆபரேஷன் நேரத்தில் கொடுத்தால் முதல் சில நாள் வீக்கமும் கறுப்பும் குறைகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

வீட்டில் செய்வது என்ன? தலையை உயர்த்திப் படுப்பது, கண்மேல் துணியில் சுற்றிய ஐஸ் வைப்பது. அவ்வளவுதான். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். பார்வை மங்கினாலோ வலி கூடிக்கொண்டே போனாலோ ஐஸை நம்பி உட்காராமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

காயத்தின் மேல் என்ன தடவலாம் என்று தொடங்கிய கதை, காயத்தையே எப்படிச் சின்னதாக்கலாம் என்பதில் வந்து நிற்கிறது. கண் வீங்குவதும் வீங்காததும் பெரும்பாலும் ஆபரேஷன் மேஜையிலேயே முடிவாகிவிடுகிறது.